விரலைப் பார்த்த இன்ஸ்பெக்டர்

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் செங்கல்வராயன் பிள்ளைகளின் வாயைப் பார்க்கமாட்டார்; விரலைத்தான் பார்ப்பார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று, புத்தகத்தைப் பிரித்து, ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்துப் பாடம் சொல்ல வேண்டும். வாய் ஓடும்போது விரலும் கூடவே ஓடினால் பிள்ளை படிக்கிறது. வாய் மட்டும் ஓடி விரல் சும்மா நின்றால் அது உருப்போட்ட பாடம். இந்தச் சோதனையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்கு வந்த முதல் வருடத்திலேயே தானாகக் கண்டுபிடித்தது. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செங்கல்பட்டு ஜில்லாவின் கிழக்குப் பக்கம் முழுவதும் பதினோரு வருடமாக அவருடையது. பஸ் போகிற இடம்வரை சைக்கிளை பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு போவார். அதற்கப்பால் சைக்கிள் அவரை ஏற்றிக்கொண்டு போகும். கருங்குழியில் ஏர் பிடித்த குடும்பம். அப்பா அப்பாசாமி பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர். அந்த வம்சத்தில் கோட்டு போட்ட முதல் ஆள் செங்கல்வராயன்தான். சின்ன வயதில் ஊர் வாத்தியார் ஒருவர், "ஏர் பிடிக்கிற சாதிக்கு நாக்கு தடிப்புடா, எழுத்து ஏறாது" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அடி மறந்துவிட்டது. சொன்னது மறக்கவில்லை. ஏறாது என்ற எழுத்து ஏதோ ஒரு நாள் ஏறிவிட்டது. எந்த நாள், எப்படி என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மேலிடத்துக் காகிதம் என்றால் அவருக்கு வேதம். பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் அப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தபோது ஊர் ஊராகப் போய் அதைப் படித்துக் காட்டினார். அப்பன் மகன் எல்லாரும் காலகாலத்துக்கும் ஒரே சேற்றில் நிற்கட்டும் என்பதுதான் அதற்குப் பொருள் என்று ஊரே கொதித்தெழுந்து, திட்டம் ஒழிந்தது. ஒழிந்த செய்தியையும் அதே குரலில் படித்துக் காட்டினார். கெட்ட மனிதர் அல்ல. தான் படித்துக் காட்டியது தன் கதையையும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திட்டம் ஒழிந்த மறு வருடம், 1955 ஆகஸ்டில், ஒரு திங்கட்கிழமை புதுப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியைப் பார்க்கப் போனார். பக்கிங்ஹாம் கால்வாயைப் படகில் கடந்து, சவுக்குத்தோப்பு மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பள்ளி என்பது பனையோலை போட்ட ஒரு கொட்டகை. முப்பத்தொரு பிள்ளைகள், ஒரே டீச்சர். பெயர் ரெபேக்காள். சதுரங்கப்பட்டினத்துக்காரி, பயிற்சி முடித்து வந்து மூன்று வருடம்.

கொட்டகைக்குள் நுழைந்தவருக்கு முதலில் காதே குழம்பியது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் பத்தடி தூரத்திலேயே "ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா" என்று எழுத்தின் பெயர்களைப் பிள்ளைகள் கத்துவது கேட்கும். இங்கே அது இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் ஒரு குவியல் கிளிஞ்சல் இருந்தது.

"கட்டுமரம்" என்றாள் ரெபேக்காள்.

பிள்ளைகள் "கட், டு, ம, ரம்" என்று முணுமுணுத்துக்கொண்டு நான்கு கிளிஞ்சலை எடுத்து வரிசையாக வைத்தன.

"வலை."

இரண்டு கிளிஞ்சல்.

"ஆமையில ஆ-வ தூக்கிக் கடல்ல போட்டாச்சு. மிச்சம் இன்னா?"

"மை" என்று கொட்டகை முழுவதும் சத்தம்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவீங்களாம்மா?" என்றார் செங்கல்வராயன்.

ரெபேக்காள் பதறி எழுந்தாள். "தமிழ்ப் பாடம் சார்."

"புத்தகம்?"

"கீது சார். எழுத்து இன்னும் முழுசா வரல. பதினெட்டு எழுத்துதான் ஆச்சு."

"ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்தது. பதினெட்டு எழுத்தா?"

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணை எழுப்பினார். வேண்டா என்று பெயர். மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவதும் பெண் என்றால், இதோடு போதும் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக இப்படிப் பெயர் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சாமிக்கு அனுப்பிய தபாலைப் பெண் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். நாலாம் பாடம் எடு என்றார். அது ஏரியைப் பற்றிய பாடம். வேண்டா விரலை முதல் எழுத்தின்மேல் வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"இது இன்னும் தெரியாது சார்" என்றாள். விரலை நகர்த்தினாள். அடுத்ததன்மேல் நின்று உதட்டை அசைத்தாள். மறுபடி நகர்த்தினாள். முதல் வரியின் பாதிக்கு வருவதற்குள் செங்கல்வராயன் புத்தகத்தை மூடிவிட்டார். இன்னும் நாலு பிள்ளைகளைப் பார்த்தார். எல்லா விரலும் நின்று நின்றுதான் போயிற்று.

"உங்க மேல தப்பு சொல்லலம்மா. கடல்காத்துல வளந்த நாக்கு. தடிச்சிப் போயிருக்கும். எழுத்து ஏறாது" என்றார்.

முப்பது வருடத்துக்கு முன்னால் கருங்குழியில் கேட்ட அதே வாக்கியம் அவர் வாயிலிருந்தே வந்தது. வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"நாக்கு நல்லாத்தான் சார் பொரளுது" என்றாள் ரெபேக்காள். "நீங்க வர்றீங்கன்னு சேதி வந்ததும் இதே பொண்ணு உங்கள மீன் ஏலம் போடற மாதிரி கூவிக் காட்டுச்சு. ஒரு இன்ஸ்பெட்டரு, கோட்டோட சேத்து எட்டணா, கேக்கறவங்க கேக்கலாம்னு."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. செங்கல்வராயன் சிரிக்கவில்லை. அறிக்கைப் படிவத்தை எடுத்து, படிப்பு என்ற இடத்தில் 'மோசம்' என்று எழுதினார். சிபாரிசு என்ற இடத்தில், இந்தப் பள்ளியை மூடிவிட்டு மூன்று மைல் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று எழுதினார். அந்த மூன்று மைலை ஐந்து வயதுப் பிள்ளை சுடுமணலில் நடக்காது என்பது அவருக்கும் தெரியும். அறிக்கைகளைச் சனிக்கிழமை செங்கல்பட்டு ஆபீசில் கொடுக்க வேண்டும். அதை மடித்துப் பையில் வைத்தார்.

திரும்பும்போது கால்வாய்ப் படகில் மீன்கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வேண்டாவின் அம்மா எல்லம்மாள். குப்பத்தில் சேதி மனிதரைவிட வேகமாக நடக்கும்.

"இன்னா இன்ஸ்பெட்டரே, இஸ்கோல மூடப் போறியாமே?"

"மூடல. பெரிய பள்ளிக்கூடத்தோட சேக்கறோம்."

"சேக்கறதுன்னா கொட்டாய அங்க தூக்கினு போறியா?"

படகு தள்ளுகிறவன் சிரித்தான்.

"ஒம் பொண்ண மூணு மைலு மணல்ல அனுப்புவியா? அனுப்பமாட்ட இல்ல? எம் பொண்ணும் போவாது. கூடையத்தான் தூக்கும்" என்று சொல்லி எல்லம்மாள் வெற்றிலையைக் கால்வாயில் துப்பினாள். திட்டினாற்போல் இல்லை, நாளைக்கு மழை வரும் என்று சொன்னாற்போல் இருந்தது.

புதன்கிழமை பாலாற்றங்கரையில் ஒரு கோயிலூர்ப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், மூன்று வாத்தியார்கள். தலைமை ஆசிரியர் ஸ்ரீனிவாசராகவன், வருடா வருடம் 'நன்று' வாங்குகிறவர். செங்கல்வராயனுக்கு இங்கே வருவது பிடிக்கும். காபி வரும். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். எழுத்துகளின் பெயர்களைத் தலைகீழாகக்கூடச் சொல்லும்.

அம்பி என்ற ஆறு வயதுப் பையனை எழுப்பி, நாலாம் பாடம் என்றார். அம்பி புத்தகத்தைப் பிரித்தான். "எங்கள் ஊர் ஏரி பெரிய ஏரி. ஏரியில் நீர் உண்டு. நீரில் மீன் உண்டு" என்று வாய் ஓடியது. விரலும் ஓடியது. வரி முடிந்ததும் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. பாதியில் பக்கத்தைப் புரட்டினான். அழகாக இருந்தது. செங்கல்வராயன் பையனைத் தட்டிக் கொடுக்க அருகில் போனார்.

பிரித்திருந்த பக்கத்தில் ஏரியே இல்லை. ஒரு குயவன் பானை செய்கிற படம் பக்கம் முழுவதும் இருந்தது. அம்பியின் விரல் குயவனின் முழங்காலிலிருந்து பானையின் வாய்வரை போய், கீழே இறங்கி, மறுபடி முழங்காலிலிருந்து கிளம்பியது. "ஏரிக்கரையில் மரம் உண்டு" என்றது வாய்.

"ஏண்டா, நாலாம் பாடம் எங்கே?"

"கன்னுக்குட்டி தின்னுடுத்து சார்" என்றான் அம்பி. கேட்டால் உண்மையைச் சொல்லும் நல்ல பிள்ளை.

செங்கல்வராயன் அவன் புத்தகத்தை மூடினார். எதற்கு என்று தெரியாமலே கரும்பலகைக்குப் போய் 'மதகு' என்று எழுதினார். ஏரிப் பாசனத்து ஊர். மதகில் உட்கார்ந்து காலை ஆட்டாத பிள்ளை அந்த வகுப்பில் இருக்க முடியாது. மூன்றும் எல்லாருக்கும் தெரிந்த எழுத்து.

"படி."

"மானா, தானா, கூனா" என்றான் அம்பி.

"சரி. சேத்துச் சொல்லு."

அம்பி யோசித்தான். "மானாதானாகூனா."

"அது என்ன வார்த்தை?"

அம்பியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. இப்படி ஒரு கேள்வியை அவனை யாரும் கேட்டதில்லை. அடுத்த பையன் 'மாடு' என்றான். அதற்கடுத்தவன், 'மரம்' என்று சொன்னால் சரியாக இருக்குமா என்பதுபோல் வாத்தியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'மரம்' என்றான். இருபத்தாறு பேரில் மூன்று பேர் மதகு என்றார்கள்.

ஸ்ரீனிவாசராகவன் அவரை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"பாருங்கோ, முதல்ல வாக்குல வரணும். அப்புறம் கண்ணுல தானா வந்துடும். நானும் இப்படித்தான் படிச்சேன். நீரும் இப்படித்தான் படிச்சிருப்பீர்."

"விரல் ஓடுதே சார்."

"நீர் விரலைத்தானே பார்ப்பீர். ஜில்லா முழுக்கத் தெரியுமே. அதான் வாய்க்குப் பழக்கறச்சே விரலுக்கும் சேர்த்துப் பழக்கிடறது. ஒரு வரிக்கு ஒரு மூச்சு. என்னத்துக்கு வீண் சங்கடம்?"

பதினோரு வருடமாகக் காபியோடு சேர்த்து அவர் வாங்கிக்கொண்டது இந்தப் பழக்கிய விரலைத்தான்.

"தானா வராத பிள்ளைங்க?"

"வராதவன் வரமாட்டான். தலையெழுத்து. குப்பத்துல பார்த்துட்டு வந்திருக்கீரே, அவாளுக்கு நாக்கே திரும்பாதுன்னு நீரே சொன்னதாக் கேள்வி."

அங்கே எழுத்து ஏறாவிட்டால் நாக்குத் தடிப்பு. இங்கே ஏறாவிட்டால் தலையெழுத்து. அங்கே பள்ளியை மூட வேண்டும்; இங்கே காபி. ஒரே நோய்க்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் வைத்திருப்பது முதல் தடவையாகச் செங்கல்வராயனின் கண்ணில் பட்டது. பட்டதும் தெளிவு வந்துவிடவில்லை. குழப்பம்தான் கூடியது. ஏனென்றால் ஸ்ரீனிவாசராகவன் சொன்னதில் ஒன்று மெய். செங்கல்வராயனும் அப்படித்தான் படித்தார். கத்திக் கத்தி, அடி வாங்கி, ஒரு நாள் வந்துவிட்டது. கூடக் கத்திய நாற்பது பேரில் மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஏர் பிடிக்கிறார்கள். அப்படியானால் தனக்கு வந்ததா, தப்பித்ததா?

அன்று சாயங்காலம் செங்கல்பட்டு வீட்டில் மனைவி கண்ணகி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அச்சரப்பாக்கத்துப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அந்தக் குப்பத்துக் கிளிஞ்சல் விளையாட்டைச் சொல்லி, "இது இன்னா படிப்புன்னே புரியல" என்றார்.

கண்ணகி முறத்தை நிறுத்தாமல், "கநீங் கக, கசாப் கடீங் கக களா?" என்றாள்.

"இன்னா?"

"நீங்க சாப்டீங்களான்னு கேட்டேன். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால ஒரு க-வ போட்டுடணும். நடவு நடும்போது நாங்க இப்படித்தான் பேசுவோம். மேஸ்திரிய எதிர்ல வெச்சுக்கினே திட்டுவோம். அந்தாளு பாட்டுன்னு நெனச்சித் தலைய ஆட்டும்."

செங்கல்வராயனும் ஒன்று சொல்லிப் பார்த்தார். 'இன்றைக்கு என்ன குழம்பு' என்று கேட்க நினைத்து, இரண்டாவது துண்டிலேயே வண்டி குடைசாய்ந்தது. வார்த்தையை உடைக்கப் போனால் எழுத்து கண்ணுக்கு முன்னால் வந்து, புள்ளி வைத்ததா வைக்காததா என்று வழிமறித்தது. கண்ணகிக்கு அந்தத் தொல்லை இல்லை. காதால் உடைத்தாள், முறுக்கை உடைக்கிறதுபோல.

"கடல்ல நடுவுல இருக்கற ட-வ எடுத்துட்டா?"

"கல்லு."

"கருங்குழியில கடைசிய எடுத்துட்டா?"

"கருங்கு. உங்க ஊருக்கு அந்தப் பேரே நல்லாக் கீது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்றார்.

முறம் நின்றது. "இருவது வருசமா இதச் சொல்லிக் காட்டறீங்க. தெரியாதுதான். யாராச்சும் ஒக்கார வெச்சிச் சொல்லிக் குடுத்தீங்களா?" அரிசியில் இருந்த கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள். "ஜில்லாவுல கீற பிள்ளைங்களுக்கெல்லாம் இன்ஸ்பெட்டரு. வூட்ல கீறவளுக்கு மட்டும் நாக்கு தடிப்பு."

வியாழக்கிழமை அவர் போக வேண்டிய பள்ளி வேறு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், புதுப்பட்டினத்துக்கு டிக்கெட் வாங்கினார். ஏன் போகிறோம் என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. குப்பத்துக் கொட்டகையில் ரெபேக்காள் அவரைப் பார்த்ததும், பள்ளியை மூடத்தான் வந்திருக்கிறார் என்று மேசைச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"சாவிக்கு வரலம்மா" என்றார். கரும்பலகையில் 'மதகு' என்று எழுதினார். "இந்த மூணும் உங்க பதினெட்டுல இருக்குதா?"

"கீது சார்."

வேண்டாவை எழுப்பினார். விரலைப் பார்க்காமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் சத்தமே இல்லை. உதடு அசைகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. நேரம் ஆயிற்று. திங்கட்கிழமையாக இருந்தால் இந்நேரம் புத்தகத்தை மூடியிருப்பார்.

"ம. த. கு." கொஞ்சம் இடைவெளி. "ம...தகு. மதகு."

அவர் திரும்பினார்.

"மதகு" என்றாள் வேண்டா இன்னொரு தரம். "சார், அது இன்னா மீனு?"

"மீன் இல்ல. ஏரித் தண்ணிய வயலுக்கு விடற கதவு."

"ஏரின்னா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "உப்பு போடாத கடலுடி" என்றது.

செங்கல்வராயன் மண்தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெண் மதகைக் கண்ணால் பார்த்ததில்லை, காதால் கேட்டதில்லை. மூன்று எழுத்தையும் பிடித்து உருட்டி, தெரியாத வார்த்தை ஒன்றை வெளியே எடுத்துவிட்டாள். மதகில் உட்கார்ந்து காலாட்டுகிற பையனுக்கு அது வரவில்லை. மதிப்பெண் அவனுக்கு. பூட்டு இவளுக்கு.

"இது எப்படிம்மா வந்தது? யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?"

ரெபேக்காள் தயங்கினாள். "யாரும் இல்ல சார். மொத ரெண்டு வருசம் நானும் ஆனா ஆவன்னாதான் கத்த வெச்சேன். எல்லாம் மனப்பாடமா வரும். எழுதிப் போட்டா முழிக்கும். நான்தான் சரியில்லன்னு அழுவேன். அப்புறம் ஒண்ணு பாத்தேன். வார்த்தைய ஒடச்சி வெளையாடற பிள்ளைங்க கீதுங்க பாருங்க, வ-ன்னா வலை, வஞ்சிரம், வவ்வால் மீனுன்னு பேரு அடுக்கற பிள்ளைங்க, அதுங்களுக்கு மட்டும் எழுத்து சீக்கிரம் ஒட்டிக்கிச்சு. ஏன்னு எனக்குத் தெரியல. அதனால மொதல்ல காதுக்கு வேலை குடுத்துட்டு, அப்புறம் எழுத்துக்கு வந்தேன். பேரு சொல்லித்தரல. சத்தத்த மட்டும் சொல்லித்தந்தேன்."

"எல்லாருக்கும் வந்துடுச்சா?"

"இல்ல சார்." முன்னால் இருந்த ராஜேந்திரன் என்ற பையனைக் காட்டினாள். "இவனுக்கு வரல. கிளிஞ்சல எண்ணாம வாயில போட்டுக்கறான். முப்பத்தொண்ணுல பதினாலுக்கு வந்துது. மிச்சத்துக்கு எப்படின்னு தெரியாம முழிச்சினு கீறன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

செங்கல்வராயன் பழைய அறிக்கையை எடுத்துக் கிழித்தார். புதிது எடுத்து, படிப்பு என்ற இடத்தில் 'நன்று' என்று போட்டுக் கீழே எழுதினார். 'பதினெட்டு எழுத்தே கற்றிருந்தாலும், பதினான்கு பிள்ளைகள் முன்பின் பார்க்காத சொல்லைப் படிக்கிறார்கள். பள்ளி தொடர வேண்டும்.' பிறகு கோயிலூர் அறிக்கையை எடுத்தார். அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை. 'மோசம். மனப்பாடம். மூவர் தவிர மற்றவர்கள் படிக்கவில்லை' என்று எழுதினார். அந்தப் பள்ளிக்கு மட்டுமா எழுதுகிறார்? பதினோரு வருடம் எத்தனை பள்ளிக்கு எத்தனை 'நன்று', எத்தனை 'மோசம்'.

சனிக்கிழமை ஆபீசில் ஜில்லா கல்வி அதிகாரி பட்டாபிராமன் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். சாந்தமான மனிதர். கத்தமாட்டார்.

"உடம்பு சரியா இருக்கா செங்கல்வராயன்?"

"இருக்குது சார்."

"பதினெட்டு எழுத்து தெரிஞ்ச பள்ளிக்கூடம் நன்று. அத்தனை எழுத்தும் தெரிஞ்ச பள்ளிக்கூடம் மோசம். இதை நான் மேலே அனுப்பினா என்னைக் கேப்பா, நேத்துவரைக்கும் உங்க ஆள் எப்படி நன்றுன்னு எழுதினார்னு. நீர் என்ன சொல்வீர்?"

"நேத்துவரைக்கும் எனக்குத் தெரியலன்னு சொல்வேன் சார்."

"இன்னிக்குத் தெரியுமோ?"

செங்கல்வராயன் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். "முழுசாத் தெரியல சார்."

"பார்த்தீரா." பட்டாபிராமன் கோயிலூர்க் காகிதத்தை மட்டும் எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். "குப்பத்துப் பள்ளிக்கூடத்தை ஒரு வருஷம் வெச்சுக்கலாம். உமக்காக. இந்தாங்கோ புதுப் படிவம். இதை எப்பவும் எழுதற மாதிரி எழுதிக் கொடும். இல்லேன்னா ரெண்டும் சேர்ந்து மேலே போகும், ரெண்டையும் வேற ஒருத்தர் வந்து பார்ப்பார். அவர் எதைப் பார்ப்பாரோ எனக்குத் தெரியாது."

வேறு ஒருவர் வந்தால் எதைப் பார்ப்பார் என்பது செங்கல்வராயனுக்குத் தெரியும். வேண்டாவின் விரல் நிற்பதைப் பார்ப்பார். பாதி வரியில் புத்தகத்தை மூடுவார். மூன்று மைல் மணல் வரும். கூடை வரும்.

பேனாவை எடுத்தார். எது நியாயம் என்று தேடிப் பார்த்தார். உண்மையை எழுதினால் பள்ளி போகும். பொய்யை எழுதினால் பள்ளி நிற்கும். இப்படி ஒரு தராசைச் செய்தவன் எவன் என்று கோபம் வந்தது. அந்தத் தராசைப் பதினோரு வருடம் பிடித்துக்கொண்டிருந்த கை தன்னுடையது என்பதும் கூடவே வந்தது. 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டாபிராமன் மை காய ஊதினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு வருட உத்தரவின் நகலை அவரே குப்பத்துக்குக் கொண்டுபோனார். எல்லம்மாள் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள். ரெபேக்காள் படித்துச் சொன்னாள். "ஒரு வருசமா? அப்பாலிக்கு மறுபடி வந்து மெரட்டுவியா?" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து இரண்டு சங்கரா மீனை எடுத்து ஓலையில் சுற்றி அவர் சைக்கிளின் பின்னால் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

அவள் போனதும் ரெபேக்காள் கேட்டாள். "எப்படி சார் ஒத்துக்கினாங்க?"

மறைக்கலாம் என்றுதான் வந்திருந்தார். ஆனால் சொல்லிவிட்டார். கன்றுக்குட்டி தின்ற பாடம், குயவனின் முழங்கால், மானாதானாகூனா, புதுப் படிவம் எல்லாவற்றையும். ரெபேக்காள் கிளிஞ்சலைக் கூட்டி ஓர் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பையனுக்கு எத்தினி எழுத்து தெரியும்?"

"எல்லாம் தெரியும்."

"எல்லாமா? அப்ப ரொம்ப சுலுவு சார். காத மட்டும் தொறந்து வுட்டாப் போதும். ரெண்டு மாசம். லீவு நாள்ல இங்க அனுப்பச் சொல்லுங்களேன்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். கோயிலூர் வீட்டுப் பிள்ளை குப்பத்துக் கொட்டகையில், மீன் காய்கிற வாடையில், வேண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரெபேக்காள் என்ற பெயருடையவளிடம் எழுத்துக் கூட்டப் படிக்கும் காட்சி இரண்டு பேர் கண்ணிலும் ஒரே சமயத்தில் வந்தது.

"அனுப்பமாட்டாங்க" என்றார் செங்கல்வராயன்.

"ஆமா சார். அனுப்பமாட்டாங்க."

"நான் போயிச் சொல்லித்தரலாம்னா எனக்கு அந்த விளையாட்டே வரமாட்டேங்குது. ரெண்டாவது துண்டுல நின்னு போறேன்."

"ஒக்காருங்க சார்" என்றாள் ரெபேக்காள். "ராஜேந்திரனும் அங்கதான் நிக்கறான்."

செங்கல்வராயன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ராஜேந்திரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.